மேரி ஷார்லீப்

டேம் மேரி ஆன் டேகோம்ப் ஷார்லீப் (ஜூன் 18, 1845 - நவம்பர் 21, 1930) சென்னையிலும் இலண்டனிலும் பணியாற்றிய பிரித்தானிய மகப்பேற்று, மகளிர் நோய் மருத்துவர் ஆவார். 1875 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது சேர்ந்த நான்கு மாணவியருள் இவரும் ஒருவர். 1885 இல் சென்னையில் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை ஒன்று தோன்ற இவரே முதன்மைக் காரணமாக இருந்தார். மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் அம்மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்ற பெயரில் இயங்கி வருகிறது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம். டி. பட்டத்தை முதலில் பெற்ற பெண்ணும் இவரே.

பிறப்பும் இளமையும்

மேரி 1845 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் வில்லியம் கேண்ட்லர் பேர்ட். தாயார் மேரி ஆன் டேகோம்ப், மகளைப் பெற்றெடுத்த பத்தாம் நாள் இறந்துபோனார். மான்செஸ்டரில் இருந்த தாத்தா, பாட்டியின் வீட்டில், சமயப் பற்று மிகுந்த சூழலில் குழந்தை வளர்ந்தது. பின்னர் விடுதிப் பள்ளிகளில் மேரி கல்வி கற்றார். அக்காலத்து நடுத்தர வகுப்புப் பெண்களுக்குக் கிடைத்த கல்வியே அவருக்கும் கிடைத்தது. மருத்துவம் பயிலும் வாய்ப்பு அன்றைய இங்கிலாந்தில் பெண்களுக்கு ஏறத்தாழ இல்லை.

பத்தொன்பதாம் அகவையில் வில்லியம் மேசன் ஷார்லீப் என்பவரை மேரி சந்தித்தார். வில்லியம் சட்டம் பயின்று சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். 1865 டிசம்பரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதனை அடுத்து இருவரும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தனர்.

சென்னை வாழ்வு

சென்னையில் மேரி, கணவர் நடத்திய சட்ட இதழின் வேலைகளில் உதவினார். சில ஆண்டுகளில் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு பெண் பிள்ளைக்கும் தாயானார். கணவரின் தொழில் வழியாக அறிமுகமானவர்களிடமிருந்து, உள்ளூர்ப் பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பங்களைக் கேள்வியுற்றார். குறிப்பாக, கோஷா முறையைப் பின்பற்றிய முஸ்லிம் குடும்பங்களிலும் உயர்சாதி இந்துக் குடும்பங்களிலும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட உடன்படுவதில்லை என்பதை அறிந்தார். அன்று சென்னையில் பட்டம் பெற்ற மருத்துவர் அனைவரும் ஆண்களே. ஆகவே, நோய் முற்றிய நிலையிலும் அப்பெண்களுக்கு மருத்துவ உதவி கிடைக்கவில்லை.

தாம் ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணிய மேரி, முதலில் அரசு மகப்பேற்று மருத்துவமனையில் ஏறத்தாழ ஓராண்டு காலம் பயிற்சி பெற்றார். 1844 இல் தொடங்கப்பட்ட இம்மருத்துவமனையே இன்றைய எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையின் முன்னோடி ஆகும். பயிற்சிக்குப் பின் வீடுகளுக்குச் சென்று பேறு பார்த்தார். இயல்பான பேறுகளுக்கு அப்பயிற்சி போதுமானதாக இருந்தது. சிக்கல் நேர்ந்தபோது என்ன செய்வது என்பதும், பேற்றோடு தொடர்பில்லாத பிற நோய்களை எவ்வாறு கண்டறிவது என்பதும் அதில் அடங்கவில்லை. முழு மருத்துவக் கல்வி தேவை என்ற முடிவுக்கு மேரி இவ்வாறே வந்தார்.

அக்காலத்துப் பேறுகால மருத்துவம்

மேரி ஷார்லீப்பின் முயற்சியைப் புரிந்துகொள்ள அக்காலத்து மகப்பேற்று மருத்துவத்தின் நிலையை அறிவது அவசியம். பெரும்பாலான பேறுகள் வீட்டிலேயே, பரம்பரை மருத்துவச்சிகளின் கையில் நடந்தன. பேறு எளிதாக அமைந்தால் அவர்களின் பட்டறிவே போதுமானது. தாய் இறப்பதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, தடைப்பட்ட பேறு. குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, தாயின் இடுப்பெலும்பு வளையம் குறுகியதாக இருந்தாலோ வலி நாட்கணக்கில் நீடிக்கும். உயிர் பிழைத்த பெண்களுள் சிலருக்கு, குழந்தையின் தலை நெடுநேரம் அழுத்தியதால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும். இத்தகைய பெண்கள் குடும்பத்தாலேயே ஒதுக்கப்படுவதும் உண்டு. இரண்டாவது, பேற்றுக்குப் பின் நிகழும் குருதிப்போக்கு. மூன்றாவது, பேறுகாலக் காய்ச்சல் என்னும் தொற்று.

பேறுகாலக் காய்ச்சல் மருத்துவரின் தூய்மையற்ற கைகளால் பரவுவதை 1847 இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்தார். அதே ஆண்டில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பேறுவலியைத் தணிக்கக் குளோரோஃபார்மைப் பயன்படுத்தினார். 1867 இல் ஜோசப் லிஸ்டர் கிருமி ஒழிப்பு முறையை வெளியிட்டார். அதன் பின்னரே வயிற்று அறுவை மருத்துவம் ஓரளவு அச்சமின்றிச் செய்யக்கூடியதாயிற்று.

இவ்வறிவு தமிழர்களை எட்டவேயில்லை என்று கூற இயலாது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் வழியே மருத்துவம் கற்பித்ததோடு, மகப்பேற்று மருத்துவ நூலொன்றை 1857 இல் தமிழில் கொண்டுவந்தார். நூலும் மருத்துவமனையும் இருந்தும், அவற்றைக் கற்றவர் ஆணாக இருந்தமையால் ஒரு பகுதிப் பெண்களை அவை சென்றடையவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில்

அப்போது சென்னை மாகாணத்தின் தலைமை அறுவை மருத்துவராக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபோர். சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக விளங்கியவரும் இவரே. மகப்பேற்று நூல் ஒன்றை இந்துஸ்தானி மொழியில் பெயர்த்த அனுபவமும் பால்ஃபோருக்கு இருந்தது. இந்தியப் பெண்களுக்கு மருத்துவம் செய்யப் பெண்களே பயிற்றப்பட வேண்டும் என்று அவர் அரசுக்குப் பரிந்துரைத்தார். ஆளுநர் ஹோபார்ட் பிரபுவின் ஆதரவும் இதற்குக் கிடைத்தது. அதன் விளைவாக 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். திருமதி ஷார்லீப், செல்வி வைட், செல்வி மிச்செல், செல்வி பீல் ஆகிய நால்வர் முதல் அணியில் இடம்பெற்றனர். நால்வரும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

இந்நிகழ்வின் காலத்தைப் பிரித்தானியாவோடு ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869 இல் மருத்துவம் பயிலத் தொடங்கிய சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவருடைய தோழியரும் பட்டம் பெற முடியாமல் 1873 இல் வெளியேற நேர்ந்தது. பெண்களுக்கான இலண்டன் மருத்துவப் பள்ளி 1874 இல் தொடங்கப்பட்டபோதும், அங்குப் பயின்றவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி கிடைத்தது 1877 இல்தான். இலண்டன் பல்கலைக்கழகம் 1878 இல் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது. அங்கு மருத்துவமனைப் பயிற்சியும் பட்டமும் கிடைப்பதற்கு முன்னதாகவே சென்னையில் பெண்கள் ஆண்களோடு வகுப்பறையிலும் நோயாளர் கூடத்திலும் பயின்றனர்.

எனினும் கல்லூரியில் வரவேற்பு ஒரே மாதிரியாக இருக்கவில்லை. ஆசிரியர் பலர் நன்கு உதவினர். மூத்த மருத்துவர் ஒருவரோ, மாணவியர் தம் பின்னால் நோயாளர் கூடத்தைச் சுற்றி வருவதைத் தடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், ஆனால் அவர்களுக்குக் கற்பிக்கப் போவதில்லை என்றும் தெரிவித்துவிட்டார். மூன்று சிறு பிள்ளைகளின் தாயாக இருந்துகொண்டே மேரி படிப்பைத் தொடர்ந்தார். 1878 இல் தேர்ச்சி பெற்று மருத்துவம், அறுவை, மகப்பேறு ஆகியவற்றில் உரிமச் சான்றிதழ் பெற்றார்.

இலண்டனும் வியன்னாவும்

இச்சான்றிதழோடு மேரி நிறைவடையவில்லை. 1878 இல் பிள்ளைகளோடு இங்கிலாந்து திரும்பினார். கணவர் சென்னையிலேயே தம் தொழிலைத் தொடர்ந்தார். மேரி பெண்களுக்கான இலண்டன் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அவருடைய ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும் விளங்கினார். இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி பெற்றார்.

1882 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம். பி. பட்டத்தை மேரி ஷார்லீப்பும் ஈடித் ஷோவ் என்பவரும் பெற்றனர். இவ்விருவரே அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்கள். மகப்பேற்று மருத்துவத்தில் மேரிக்குத் தங்கப் பதக்கமும் உதவித்தொகையும் கிடைத்தன. ஆண்களும் பெண்களும் ஒரே தேர்வை எழுதிய நிலையில் கிடைத்த இவ்வெற்றி, பெண்களால் மருத்துவம் கற்க இயலாது என்று வாதிட்டவர்களுக்குத் தக்க விடையாக அமைந்தது.

அதன்பின் வியன்னா சென்று மகப்பேற்று அறுவை முறைகளில் மேரி சிறப்புப் பயிற்சி பெற்றார். அன்று ஐரோப்பாவின் மிகப்பெரிய மகப்பேற்றுக் கூடங்கள் வியன்னாவில் இருந்தன. சென்னையில் வீடு வீடாகச் சென்று பேறு பார்த்த நாட்களில் எந்தச் சிக்கல்கள் தமக்குக் கைவராமல் இருந்தனவோ, அவற்றையே அங்குத் தேடிக் கற்றார்.

அரசியுடன் சந்திப்பு

இந்தியா திரும்புவதற்கு முன் 1883 இல் விக்டோரியா அரசியைச் சந்திக்கும் வாய்ப்பு மேரிக்குக் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹென்றி ஆக்லண்ட் இச்சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை அரசி பொதுவாக விரும்பாதவர். ஆயினும் இந்தியப் பெண்கள் பேறுகாலத்தில் படும் துயரை மேரி எடுத்துரைத்தபோது அதனைப் பரிவோடு கேட்டறிந்தார். பின்னாளில் சென்னை மருத்துவமனைக்குத் தம் பெயரைச் சூட்டவும் இசைந்தார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவரும், 1853 இல் தம் பேற்றின்போது குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்டு அம்முறைக்கு மக்களிடையே மதிப்பை உண்டாக்கியவரும் அரசியே என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

கோஷா மருத்துவமனை

1883 இல் மேரி சென்னைக்குத் திரும்பினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு, மகளிர் நோய் இயல் விரிவுரையாளராகவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வாளராகவும் பொறுப்பேற்றார். தாம் மாணவியாக அமர்ந்திருந்த அதே கல்லூரியில் ஐந்தாண்டுகளுக்குள் ஆசிரியரானார். இதனோடு வீடுகளுக்குச் சென்று மருத்துவமும் பார்த்தார்.

ஒரு மருத்துவர் வீடு வீடாகச் சென்று காணக்கூடிய நோயாளர் எண்ணிக்கை சிறியது. அறுவை மருத்துவத்தை வீட்டில் வைத்துச் செய்வதும் அரிது. ஆகவே பெண்களே நடத்தும் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று மேரி முயன்றார். ஆளுநர் கிராண்ட் டஃபின் மனைவியார் இம்முயற்சிக்குத் துணை நின்றார். இந்து, முஸ்லிம் செல்வந்தர்களும் ஐரோப்பியர்களும் நிதி வழங்கினர். 1885 இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வாடகைக் கட்டிடத்தில் மருத்துவமனை திறக்கப்பட்டது. வெங்கடகிரி அரசர் ஓர் இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். 1890 இல் சேப்பாக்கத்தில் எழுந்த சொந்தக் கட்டிடத்துக்கு மருத்துவமனை மாறியது. சாதி இந்து, கோஷா பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை என்பது இதன் அன்றைய பெயர்.

இம்மருத்துவமனையின் அமைப்பு முறை கவனிக்கத்தக்கது. மருத்துவரும் செவிலியரும் பெண்களாகவே இருந்தனர். முகம் மறைக்கும் வழக்கமுடைய பெண்கள் பிறர் கண்ணில் படாமல் வந்து தங்கிச் செல்ல வழி செய்யப்பட்டது. பிறர் சமைத்த உணவை ஏற்காத சாதியினரின் வழக்கத்துக்கும் இடமளிக்கப்பட்டது. இந்தியப் பெண்கள் மருத்துவத்தை மறுக்கிறார்கள் என்பதே அன்றைய அலுவலர்களின் பொதுவான கருத்து. அப்பெண்கள் மறுத்தது மருத்துவத்தை அன்று, அது வழங்கப்பட்ட முறையையே என்பதை இம்மருத்துவமனைக்கு வந்த பெண்களின் கூட்டம் காட்டியது.

இதே 1885 ஆம் ஆண்டில் இந்திய அரசப் பிரதிநிதியின் மனைவியார் டஃபரின் சீமாட்டியின் பெயரால் ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. இந்தியா முழுவதும் பெண்களுக்குப் பெண் மருத்துவர், செவிலியர், மருத்துவச்சியர் வழியாகச் சிகிச்சை அளிப்பதும், அவர்களைப் பயிற்றுவிப்பதும் அந்நிதியத்தின் நோக்கங்கள். பிற நகரங்களில் டஃபரின் மருத்துவமனைகள் தோன்றிய காலத்தில் சென்னையில் இத்தகைய மருத்துவமனை ஒன்று ஏற்கெனவே செயல்படத் தொடங்கியிருந்தது.

முயற்சியின் வரம்புகள்

மருத்துவமனையின் பெயரே அதன் வரம்பையும் சுட்டுகிறது. சாதி, கோஷா என்னும் இரு சொற்களும் வசதி படைத்த, சமூகத்தில் உயர்நிலையில் வைக்கப்பட்ட பெண்களை முதன்மையாகக் குறித்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அரசு மகப்பேற்று மருத்துவமனைக்குச் சென்று வந்தனர் என்பதால், அங்குச் செல்லாதவர்களுக்காக இம்மருத்துவமனை ஏற்படுத்தப்பட்டது என்பது அன்றைய விளக்கம். ஆயினும் சாதிப் பிரிவினையை மாற்ற முயலாமல் அதனை ஏற்று, அதற்குள் இடம் தேடிய முறை இது என்ற திறனாய்வு பிற்காலத்தில் எழுந்தது. காலனிய ஆட்சி தன்னைக் கருணையுள்ளதாகக் காட்டிக்கொள்ளப் பெண்களுக்கான மருத்துவத்தைப் பயன்படுத்தியது என்றும் வரலாற்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

பரம்பரை மருத்துவச்சிகளைப் பற்றி அன்றைய ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதியவை பெரும்பாலும் குறை கூறுவனவாகவே இருந்தன. ஐரோப்பிய மருத்துவமனைகளிலேயே பேறுகாலக் காய்ச்சல் பல்லாண்டுக் காலம் தாய்மாரைப் பலி கொண்டது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

மீண்டும் இலண்டன்

கடும் உழைப்பும் வெப்பமும் மேரியின் உடல்நலத்தைக் கெடுத்தன. 1887 இல் அவர் சென்னையை விட்டு இங்கிலாந்து சென்றார். 1888 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம். டி. பட்டத்தைப் பெற்றார். அப்பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. 1897 இல் அறுவை மருத்துவத்தில் எம். எஸ். பட்டமும் பெற்றார்.

எலிசபெத் காரெட் ஆண்டர்சன் நிறுவிய, பெண்களுக்கான புதிய மருத்துவமனையில் மேரி அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். காரெட் ஆண்டர்சனுக்குப் பின் அம்மருத்துவமனையின் மூத்த அறுவை மருத்துவரானார். வயிற்று அறுவையில், குறிப்பாகக் கருப்பைக் கட்டிகளையும் சூலகக் கட்டிகளையும் அகற்றுவதில், கைதேர்ந்தவர் என்று பெயர் பெற்றார். 1902 இல் இராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மகளிர் நோய் மருத்துவராக நியமிக்கப்பட்டார். பெண்களுக்கென்று தனியாக அமையாத, அனைவருக்கும் பொதுவான இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இத்தகைய உயர் பொறுப்பை ஏற்ற முதல் பெண் மேரி ஷார்லீப் ஆவார். 1908 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

பொதுப்பணிகளும் கருத்துகளும்

1913 முதல் 1916 வரை பால்வினை நோய்கள் குறித்து ஆராய்ந்த அரச ஆணையத்தில் மேரி உறுப்பினராக இருந்தார். இந்நோய்கள் கணவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றிக் கருச்சிதைவு, மலட்டுத்தன்மை, பிறக்கும் குழந்தைக்குப் பார்வையிழப்பு ஆகியவற்றை உண்டாக்குவதை மகளிர் நோய் மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் பொதுவெளியில் இதனைப் பேசுவது தகாத செயலாகக் கருதப்பட்டது. அனைவருக்கும் மறைவு காக்கும் இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் பிரித்தானியாவில் சிகிச்சை நிலையங்கள் ஏற்பட்டன.

இந்தியாவில் பணியாற்றும் பெண் மருத்துவர்களுக்காக 1914 இல் உருவான இந்தியப் பெண்கள் மருத்துவச் சேவையின் வளர்ச்சியிலும் மேரி ஈடுபாடு காட்டினார். 1917 இல் சி. பி. ஈ. விருதும், 1926 இல் டேம் என்னும் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. 1920 இல் இங்கிலாந்தில் பெண்கள் குற்றவியல் நடுவர்களாக முதன்முறை நியமிக்கப்பட்டபோது அவர்களுள் ஒருவராக விளங்கினார்.

ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை கொண்ட மேரி, செயற்கைக் கருத்தடை முறைகளை எதிர்த்தார். மனித இன மேம்பாடு குறித்து அக்காலத்தில் பரவியிருந்த, இன்று அறிவியல் ஏற்காத கருத்துகளும் அவருடைய எழுத்துகளில் காணப்படுகின்றன. அடுத்தடுத்த பேறுகளே தாயின் உடலை நலிவடையச் செய்யும் என்பதால், கருத்தடை குறித்த அவருடைய நிலைப்பாடு பிற்கால மகப்பேற்று மருத்துவத்தோடு ஒத்துப்போகவில்லை.

நூல்கள்

மேரி ஷார்லீப் மருத்துவர்களுக்காக மட்டுமன்றிப் பொதுமக்களுக்காகவும் எழுதினார். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் வாழும் பெண்கள் உடல்நலம் பேணுவது பற்றிய நூல் 1895 இல் வெளிவந்தது. பெண்ணின் ஏழு பருவங்களைப் பற்றிய நூல் 1915 இலும், பால்வினை நோய்களைப் பற்றிய நூல் 1916 இலும் வெளியாயின. 1924 இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்ககால மாணவியர் குறித்து அறிய இந்நூல் முதன்மையான சான்றாக விளங்குகிறது.

சென்னையில் பின்தொடர்ந்தவர்கள்

1875 இல் திறந்த கதவின் வழியாக விரைவிலேயே இந்தியப் பெண்களும் வரலாயினர். பின்னாளில் ஆங்கிலப் புதின ஆசிரியராக அறியப்பட்ட கிருபாபாய் சத்தியநாதன் 1878 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் அவரால் படிப்பைத் தொடர இயலவில்லை. கல்கத்தாவில் இடம் கிடைக்காத அபலா தாஸ், வங்காள அரசின் உதவித்தொகையோடு 1882 இல் சென்னைக்கு வந்து பயின்றார். அறிவியலாளர் ஜகதீச சந்திர போசை மணந்த அபலா போஸ் இவரே. 1907 இல் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் பட்டம் பெற்று, எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணி தொடங்கினார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1902 இல் பெண்களுக்கான மருத்துவமனையையும் 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

வடசென்னையின் மகளிர் மருத்துவமனைகள்

சேப்பாக்கமும் எழும்பூரும் நகரின் நடுப்பகுதியில் உள்ளவை. துறைமுகத்தை ஒட்டிய வடசென்னையில் வேறு இரு மருத்துவமனைகள் பெண்களுக்குச் சேவை புரிந்து வந்துள்ளன. இராயபுரத்தில் உள்ள ராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேற்று மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது. சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய வள்ளலும் இந்த இராமசாமி முதலியாரே. ஆர். எஸ். ஆர். எம். என்று மக்கள் சுருக்கி அழைக்கும் இம்மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு மருத்துவமனை ஆகும். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாத்தூர் முதலிய தொழிற்பகுதிகளின் பெண்கள் பேறுகாலத்தில் நாடும் அரசு மருத்துவமனைகளுள் இது முதன்மையானது.

மற்றொன்று இரெய்னி மருத்துவமனை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் மெட்டில்டா மக்ஃபெயில் (1860 - 1946), மேரி ஷார்லீப் பயின்ற அதே இலண்டன் மருத்துவப் பள்ளியில் பயின்றவர். மேரி சென்னையை விட்டுச் சென்ற மறு ஆண்டாகிய 1888 இல் மக்ஃபெயில் சென்னைக்கு வந்தார். சிறிய மருந்தகமாகத் தொடங்கிய அவருடைய பணி வளர்ந்து, 1914 இல் இரெய்னி மருத்துவமனையாக உருப்பெற்றது. சாதி, கோஷா என்னும் சொற்கள் இம்மருத்துவமனைகளின் பெயர்களில் இடம்பெறவில்லை. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில், மேரி ஷார்லீப் தொடங்கிய பணியின் விடுபட்ட பகுதியை இவை ஈடு செய்தன எனலாம்.

முதல் பெண் மருத்துவரா?

மேரி ஷார்லீப்பை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று சிலர் குறிப்பிடுவதுண்டு. இது சரியன்று. அமெரிக்காவைச் சேர்ந்த கிளாரா ஸ்வெயின் 1870 இலேயே பரேலிக்கு வந்து மருத்துவம் பார்த்தார். 1874 இல் அங்குப் பெண்களுக்கான மருத்துவமனையும் அமைத்தார். இந்தியப் பெண்களுள் ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் 1886 இல் மருத்துவத் தகுதி பெற்றனர். இந்தியக் கல்லூரி ஒன்றில் முறைப்படி மருத்துவம் பயின்ற முதல் பெண்கள் குழுவில் இருந்தவர் என்பதும், கற்ற ஊரிலேயே கற்பித்து ஒரு மருத்துவமனையை நிலைநிறுத்தியவர் என்பதுமே மேரி ஷார்லீப்புக்கு உரிய சிறப்புகள்.

மறைவு

மேரி ஷார்லீப் 1930 நவம்பர் 21 அன்று தம் 85 ஆம் அகவையில் இலண்டனில் காலமானார். இந்தியா விடுதலை பெற்ற பின்னர் விக்டோரியா மருத்துவமனைக்கு, மகாத்மா காந்தியின் துணைவியார் கஸ்தூரிபாவின் பெயர் சூட்டப்பட்டது. சாதியின் பெயரும் அரசியின் பெயரும் பலகையிலிருந்து நீங்கின. அம்மருத்துவமனை இப்போது சாதி, சமய வேறுபாடின்றி அனைத்துப் பெண்களுக்கும் இலவச மகப்பேற்று, மகளிர் நோய் சிகிச்சை அளித்து வருகிறது.